வெந்நீர்க் கலமும் சுண்ணாம்புப் படிவும்

சென்னையின் வடமேற்கில், ரெட்டேரிக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இடையே, ஒரு காலத்தில் வயலும் ஏரியும் பால்பண்ணையும் தவிர வேறெதுவும் அதிகம் இல்லாதிருந்து, 2011-இல் நகராட்சி என்ற தனி அந்தஸ்து நீங்கி மாநகராட்சியின் மூன்றாம் மண்டலமாகிவிட்ட மாதவரத்தில், புதிதாக வீடு கட்டிக் குடிபுகும் குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் முதல் வருஷத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. தம் வீட்டுக்குள் வருவது ஒரு தண்ணீர் அல்ல, இரண்டு தண்ணீர் என்பதே அது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் வழியாக வருவதை எல்லோரும் மெட்ரோ வாட்டர் என்கிறார்கள். வாசலில் இறக்கிய போரிலிருந்து மோட்டார் இழுத்துத் தருவதை உப்புத் தண்ணீர் என்கிறார்கள். பருப்பு வேக மறுப்பதும், சோப்பு நுரைக்க மறுப்பதும், எவர்சில்வர் குழாயின் மூக்கிலும் குளியலறைக் கண்ணாடியிலும் வெள்ளை பூத்து எவ்வளவு துடைத்தாலும் போகாதிருப்பதும் இந்த இரண்டாவதன் லட்சணங்கள். முறைத் தண்ணீர் வருகிற நாளில் அதுவும், வராத நாளில் போர் நீரும் மொட்டைமாடியில் ஒரே தொட்டியில் கலந்து, அங்கிருந்து குளியலறைச் சுவரில் மாட்டிய ஹீட்டருக்குள் இறங்குகின்றன. அந்த ஹீட்டரைச் சுண்ணாம்புப் படிவிலிருந்து காப்பது எப்படி, அதற்கென்று கடைவீதியில் விற்கப்படும் பரிகாரங்களில் எது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கருவிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருந்தாலும், எந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிறோம் என்ற கேள்விக்கு அடுத்தபடிதான் எந்தக் கருவியை வாங்குகிறோம் என்ற கேள்வி வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னில் கரைத்துக்கொண்டு சற்றே அமிலத் தன்மை பெறுகிறது. அந்த அமிலம் வழியிலுள்ள சுண்ணாம்புப் பொருளையும் மக்னீசியப் பொருளையும் கரைத்து, பைகார்பனேட் என்ற உருவில் சுமந்து செல்கிறது. குளிர்ந்த நீரில் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. உஷ்ணம் ஏறியவுடன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது; அதன் துணையை இழந்த கால்சியம் பைகார்பனேட், நீரில் ஏறக்குறையக் கரையவே கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சர்க்கரை வெந்நீரில் அதிகமாகக் கரையும் என்பதே நம் அனுபவமாதலால், சூடேற ஏறக் கரையும் சக்தி குறைந்துகொண்டே போகும் ஒரு பொருள் இருக்கிறது என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் இந்த விபரீத குணம்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். நீரில் மிகச் சூடான இடம் எதுவோ அங்கேயே படிவு முதலில் பிடிக்கும். ஹீட்டருக்குள் மிகச் சூடான இடம் அதன் காயில். சுண்ணாம்பைக் காயிலின் மேல் நாமே அழைத்து உட்காரவைக்கிறோம் என்று சொன்னாலும் பிழையில்லை.

இவ்வாறு காய்ச்சினால் வெளிப்படும் கடினத்தை ரசாயன நூல்கள் தற்காலிகக் கடினம் என்றும், சல்பேட், குளோரைடு உருவில் இருந்து காய்ச்சினாலும் எளிதில் போகாததை நிரந்தரக் கடினம் என்றும் பிரிக்கின்றன. பெயரைப் பார்த்தால் நிரந்தரமானது மோசமென்றும் தற்காலிகமானது பரவாயில்லை என்றும் தோன்றும்; ஹீட்டரைப் பொறுத்தவரை கதை நேர்மாறு. படிவது பெரும்பாலும் தற்காலிகக் கடினம்தான். கால்சியம் சல்பேட்டும் சூட்டில் படியக்கூடியதே எனினும் வீட்டு ஹீட்டரின் உஷ்ணத்தில் அதன் பங்கு சிறிது. படிந்துவிட்டால் மட்டும் கல்லைப் போல இறுகி, அமிலத்துக்கும் லேசில் மசியாது.

வடசென்னையில் இந்தப் பாகுபாட்டுக்கு ஏட்டுப் படிப்பை மிஞ்சிய முக்கியத்துவம் உண்டு. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து குவித்த மணற்படுகைகளிலிருந்து, 1960-களில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு நடந்த ஆய்வுகளுக்குப் பின், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் நீர் இறைத்தார்கள். வயல்களும் அதே படுகையிலிருந்து இறைத்தன. இறைப்பு ஊற்றை மிஞ்சியபோது நிலத்தடியில் கடல் உள்ளே நகர்ந்தது. மீஞ்சூர்ப் பக்கத்தில் அது பல கிலோமீட்டர் தூரம் ஏறிவந்ததைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை முறைப்படுத்த 1987-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆகவே, இந்தப் பிரதேசத்தில் ஒரு வீட்டின் போர் நீர் உப்புக் கரிக்கிறது என்றால், அது சுண்ணாம்பினாலா, கடல் உப்பினாலா, இரண்டும் சேர்ந்ததனாலா என்பது தெருவுக்குத் தெரு வேறுபடும். சுண்ணாம்பு மிகுந்தால் காயில் கல்லாகும்; குளோரைடு மிகுந்தால் கல்லைவிட முன்பாகவே டாங்கி துருப்பிடித்து ஓட்டையாகும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கொடுப்பது வியாபாரியின் வழக்கம். வீட்டுக்காரர் அதற்கு உடன்பட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

இத்தனைக்கும் நகரம் 1872 முதல் குடித்துவரும் செங்குன்றம் ஏரி, அதாவது புழல் ஏரி, மாதவரத்திலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. 1772-இல் காப்டன் பேக்கர் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த காலம் முதல், 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு மூடிய கால்வாய் வந்த காலம் வழியாக, 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டதுவரை, இந்த நகரத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி நல்ல தண்ணீரைத் தேடிய சரித்திரமே. இன்று வடசென்னைக்குக் குழாயில் வருவதில் ஏரி நீரும் உண்டு, கடல்நீரைச் சவ்வில் வடித்தெடுத்த நீரும் உண்டு. இரண்டாவதில் கடினம் மிகக் குறைவு. குழாயை அரிக்காமலிருக்கச் சுண்ணாம்பைத் திரும்பச் சேர்த்தே அனுப்புவார்கள் என்பது ஹீட்டர்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வேடிக்கை.

கொதிகலத்தில் கல் பிடிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடிய நாள்தொட்டு, நீராவி எஞ்சின்களின் பாய்லரை அவ்வப்போது குளிரவைத்து, அடைப்புகளைத் திறந்து, உள்ளே படிந்ததைக் கழுவித் தள்ளுவது ஷெட் தொழிலாளரின் வாடிக்கையான வேலையாக இருந்தது. அந்த வேலையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு மணலியின் ஆலைகள் கொதிகலத்துக்குள் நுழையும் ஒவ்வொரு சொட்டையும் முன்கூட்டியே பக்குவம் செய்துதான் விடுகின்றன; கொடுங்கையூரில் நகரத்தின் கழிவுநீரையே மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, சவ்வில் வடித்து, நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் அளவில் அந்த ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்கிவருகிறது. ஆலையின் கொதிகலத்துக்குப் போகும் கழிவுநீர், அடுத்த தெருவில் குழந்தையைக் குளிப்பாட்டக் காய்ச்சும் நீரைவிட மென்மையாக இருக்கிறது என்பதில் சிரிக்கவும் இடமுண்டு, சிந்திக்கவும் இடமுண்டு.

நம் பாட்டிமார் இதே கிணற்று நீரைத்தான் காய்ச்சினார்கள். ஆயினும் அவர்கள் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. காரணம் எளிது. வெந்நீர்த் தவலைக்கு வாய் உண்டு. அடியில் வெள்ளைக் காரை பிடித்தால் கண்ணுக்குத் தெரியும்; கொல்லையில் கவிழ்த்துப் போட்டு, புளியும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் புளியின் அமிலம் காரையைக் கரைத்துவிடும்; விறகு சற்றுக் கூடுதலாகச் செலவானதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. செம்புப் பாய்லர் வந்தபோதும் மூடியைத் திறந்து கையை விடலாம். சுவரில் மாட்டிய ஹீட்டரோ நான்கு புறமும் மூடியது. அதற்குள் நடப்பதைப் பார்க்கவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. முன்பு வாராந்தர வீட்டு வேலையாக இருந்த ஒன்று இப்போது ஐந்து வருஷத்துக்கொரு முறை வரும் விபத்தாக மாறியிருக்கிறது.

உள்ளே பார்க்க வேண்டுமானால் மூலக்கடைப் பக்கம் ஏதாவதொரு பழுதுபார்க்கும் கடைக்குப் போய் அரைமணி நேரம் நின்றால் போதும். 25 லிட்டர் ஹீட்டர் ஒன்றைத் தலைகீழாகத் தரையில் வைத்து, அடித்தட்டின் போல்ட்டுகளை மெக்கானிக் கழற்றுகிறார். ரப்பர் வளையம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பிரிகிறது. தட்டைச் சற்றுச் சாய்த்து இழுத்தால் காயில் வெளியே வருவதில்லை, ஏனென்றால் உள்ளே போனபோது விரல் கனமாக இருந்தது இப்போது முன்கை கனத்துக்குப் பெருத்திருக்கிறது. திருப்புளியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டியபின்தான் வழி கிடைக்கிறது. பழுப்பு வெண்மையான படலங்கள், உடைத்த அப்பளத் துண்டுகளைப் போல, அடுக்கடுக்காக உதிர்ந்து விழுகின்றன. டாங்கியைக் குலுக்கினால் இன்னும் இரண்டு படி அளவுக்குக் கற்கள் உருளும் சத்தம். டாங்கியைத் துருவிலிருந்து காக்கக் காயிலுக்குப் பக்கத்தில் நீண்டிருக்க வேண்டிய ஆனோடு தண்டு இருந்த இடத்தில் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். "போர் தண்ணி சார், மூணு வருஷம் தாங்குனதே பெருசு" என்கிறார் மெக்கானிக். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பின்னால் பார்ப்போம்.

அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு வீட்டின் நீர் 500 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீர் செலவாகிற குடும்பத்தில் ஹீட்டருக்குள் தினம் 50 கிராம் கடினப் பொருள் நுழைந்து வெளியேறுகிறது. வருஷத்துக்கு 18 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கே உள்ளே தங்கினாலும் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் ஆயிற்று. தங்கும் பங்கு எவ்வளவு என்பது பைகார்பனேட்டின் அளவையும் உஷ்ணத்தையும் பொறுத்தது. சுமார் 60 டிகிரிக்கு மேல் ஏற ஏறப் படியும் வேகமும் கூடிவிடுகிறது. குடிக்கிறவர் உடம்புக்கு இந்தக் கடினத்தால் கெடுதல் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் எல்லை ஏதும் வகுக்கவில்லை. மனிதனுக்குத் தொல்லை தராத நீர் யந்திரத்துக்குத் தொல்லை தருகிறது.

மின்சாரச் செலவைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது: காயிலில் கல் பிடித்தால் பில் இரட்டிப்பாகிவிடும் என்பது அது. விற்பனையாளர்கள் இதை உற்சாகமாகச் சொல்வார்கள். செம்பு உஷ்ணத்தைக் கடத்தும் திறனில் சுண்ணாம்புப் படலம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பது மெய்தான். ஆனால் காயில் நீருக்குள் முழுகியிருக்கிறது. அதில் பிறக்கும் உஷ்ணத்துக்கு நீரைத் தவிரப் போக்கிடம் இல்லை. தாமதித்தாவது, படலத்தைத் துளைத்தாவது அது நீரைத்தான் சேரும். அமெரிக்காவில் 2009-இல் பேட்டல் ஆய்வு நிறுவனம், நீரை மென்மையாக்கும் தொழிலைச் சார்ந்த அமைப்பு ஒன்றின் பொருளுதவியோடு நடத்திய சோதனையிலும், கடின நீரில் மின்சார ஹீட்டரின் திறன் குறையவில்லை, காயிலின் ஆயுள்தான் குறைந்தது என்றே கண்டார்கள். திறன் குறைந்தது கீழேயிருந்து தீ எரியும் காஸ் ஹீட்டர்களில். பணம் கொடுத்தவர்களுக்கு அனுகூலமில்லாத அம்சத்தையும் மறைக்காமல் சொன்ன ஆய்வு என்பதால் இதை நம்பலாம் என்று தோன்றுகிறது. 2 கிலோவாட் காயில் 25 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 58-க்கு உயர்த்த ஏறத்தாழ 26 நிமிஷம் ஆகும். கல் பிடித்தாலும் பௌதிக சாஸ்திரம் மாறிவிடாது.

மாறுவது காயிலின் உள்ளுஷ்ணம். நிக்ரோம் கம்பி, அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு பொடி, அதன் மேல் உலோக உறை என்பது காயிலின் அமைப்பு. உறைக்கு மேல் கல் போர்வை ஏறினால் உள்ளே பிறக்கும் உஷ்ணம் தேங்கி, உறை சிவக்கக் காய்ந்து, விரிந்து சுருங்கி, ஒரு நாள் கீறல் விடும். கீறல் வழியாக நீர் பொடியை நனைத்ததும் மின்சாரம் டாங்கிக்குக் கசிகிறது. வீட்டில் கசிவு தடுக்கும் டிரிப்பர் இருந்தால் அது விழுந்து எச்சரிக்கும். இல்லையென்றால் ஷவரைத் தொடுபவர் எச்சரிக்கப்படுவார். இதற்கு முன்பே ஹீட்டர் பேசத் தொடங்கிவிடும். கல்லுக்கும் உறைக்கும் இடையே சிக்கிய நீர் ஆவியாகி வெடிப்பதால் சடசடவென்று பொரிகிற ஓசை கேட்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்கோலையும் கல் மூடினால் அது தாமதித்தே உஷ்ணத்தை அறியும். நீர் தேவைக்கு மேல் கொதிக்கும்.

எல்லாவற்றிலும் அபாயமானது, எவரும் கண்ணெடுத்துப் பார்க்காத ஒரு சிறு உறுப்பு. டாங்கியில் அழுத்தம் மிஞ்சினால் திறந்து விடுகிற பாதுகாப்பு வால்வு, குளிர்நீர் நுழையும் குழாயில் விரல் பிரமாணத்தில் தொங்குகிறது. அதற்குள்ளும் கல் கட்டும். கட்டினால் திறக்க வேண்டிய வேளையில் திறக்காது. தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் தவறி, வால்வும் இறுகியிருந்தால் மூடிய டாங்கி நீராவிக் குண்டாக மாறும். மாதத்துக்கொரு தரம் அந்த வால்வின் சிறு நெம்புகோலைத் தூக்கிச் சில சொட்டு நீர் வடிகிறதா என்று பார்க்கும் வழக்கம், காயிலைக் காப்பதைவிட முதன்மையான கடமை. சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது மற்றவர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்வதைவிட அவசரம்.

பரிகாரத்துக்குமுன் பரீட்சை. பாக்கெட்டில் பேனாவைப் போலச் செருகிக்கொண்டு வந்து, நீரில் முக்கி, எண்ணைக் காட்டி மிரட்டும் டி.டி.எஸ். கருவி, கரைந்த உப்பு மொத்தத்தைத்தான் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இரண்டு இரும்புக் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, நீர் சாக்கடைபோலக் கறுத்துப் பழுப்பதைக் காட்டுகிற வித்தை இன்னும் மோசம். அந்த நிறம் கரைந்த இரும்புக் கம்பியின் நிறம். கடினத்தை அளக்கும் முறை சொட்டுக் கணக்கு: சிறு குப்பியில் நீரெடுத்து நிறங்காட்டியைச் சேர்த்தால் ஒயின் சிவப்பாகும், அளவிட்ட திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலமாகிற கணத்தில் நிறுத்தி, சொட்டுகளை எண்ண வேண்டும். இந்தச் சிறு பெட்டி மருந்து சாமான் கடைகளிலும் மீன் தொட்டிச் சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசாங்கச் சோதனைச்சாலைகளில் கொடுத்தால் காரத்தன்மை, குளோரைடு ஆகியவற்றின் அளவும் சேர்ந்து வரும். மொத்தக் கடினத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகவே மேலே பாகுபாட்டைச் சொன்னேன்: கடினம் 600 இருந்தும் காரத்தன்மை 150 என்றால், காயிலில் படியக்கூடியது அந்த 150-க்கு உட்பட்டதே, குளோரைடு அளவைத்தான் அங்கே கவலையோடு பார்க்க வேண்டும். போர் நீரைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை என்று சோதிப்பது விவேகம்.

இனிக் கருவிகள். குழாய்க்கு வெளியே கட்டும் காந்தமும், மின்கம்பியைச் சுற்றி வைக்கும் பெட்டியும் விலை குறைவு, வாக்குறுதி அதிகம். 1945-இல் பெல்ஜியத்தில் வெர்மைரன் என்பவர் காந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது முதல் இன்றுவரை சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டே வருகின்றன. ஒரு சோதனைச்சாலையில் பலித்தது மற்றொன்றில் பலிப்பதில்லை. கடினத்தை இவை நீக்குவதில்லை என்பதை விற்பவரே ஒப்புக்கொள்வார். படியும் விதம் மாறும் என்பதே அவர் வாதம். என்னைக் கேட்டால், ஆயிரக்கணக்கில் கொடுத்து இதை வாங்குவதைவிட அந்தப் பணத்துக்கு ஒரு புதிய காயிலும் ஆனோடும் வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

ஹீட்டருக்கு முன்னால் மாட்டும் சிறு குடுவைக்குள் கண்ணாடி மணிகளைப் போன்ற பாலிபாஸ்பேட் உருண்டைகள் இருப்பதைப் பார்த்திருக்கலாம். இது காந்த வகையைச் சேர்ந்ததல்ல; இதற்கு ரசாயன ஆதாரம் உண்டு. மிகச் சிறிய அளவில் கரையும் பாஸ்பேட், சுண்ணாம்புப் படிகங்கள் முளைக்கும் இடங்களில் ஒட்டிக்கொண்டு அவை வளராமல் தடுக்கிறது. உஷ்ணம் மிஞ்சினாலும், நீர் டாங்கிக்குள் நாள்கணக்கில் தங்கினாலும் அது சிதைந்து சக்தியிழந்துவிடும். உருண்டைகள் கரைந்து தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் குடுவை வெறும் அலங்காரம். நடுத்தரக் கடின நீருக்கும், உஷ்ணத்தை மிதமாக வைத்திருக்கும் வீட்டுக்கும், அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும் இது தகுந்த சாதனம்.

மெய்யாகவே கடினத்தை நீக்குவது உப்பில் இயங்கும் மென்மையாக்கி. 1841-இல் அபர்டீனைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் சுண்ணாம்பு நீரைச் சேர்த்தே சுண்ணாம்பைப் படியவைத்து நீக்கும் விந்தையான முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது நகர நீர்நிலையங்களுக்கு ஏற்றது, வீட்டுக்கு ஏற்றதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கான்ஸ் ஸியோலைட் என்ற பொருளால் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கச் செய்தார். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸும் ஹோம்ஸும் அதே வேலையைச் செயற்கைப் பிசினால் செய்துகாட்டினார்கள். இன்று கடையில் விற்கும் நீல நிறக் குடுவைக்குள் இருப்பது அந்தப் பிசின் மணிகளின் சந்ததி. பிசின் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலைப் பாய்ச்சிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நம்பகமான முறை, ஆனால் மாதவரத்தில் இதற்கு மூன்று ஆட்சேபங்கள் உண்டு.

முதலாவது உப்பின் அளவு. ஒரு கிலோ கடினத்தை நீக்க ரசாயனக் கணக்குப்படி 1.17 கிலோ உப்பு. நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வீடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 500 லிட்டர், கடினம் 500 என்றால் மாதம் ஏழரைக் கிலோ கடினத்தை நீக்க வேண்டும். 18 முதல் 20 கிலோ உப்பு வேண்டும். இரண்டாவது, உடம்பு. கடினத்தின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஈடாக 0.46 மில்லிகிராம் சோடியம் நீரில் ஏறும். கடினம் 400 என்றால் லிட்டருக்கு 184 மில்லிகிராம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சமையலுக்கு அந்த நீர் ஆகாது. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. பிசினைக் கழுவிய உப்புக் கரைசல் எங்கே போகிறது? மோரி வழியாக மண்ணுக்குள், அல்லது மழைநீர்க் குழிக்குள், அதாவது எந்தப் படுகையிலிருந்து உப்பு நீர் வருகிறதென்று குறைப்பட்டுக்கொண்டோமோ அந்தப் படுகைக்குள்ளேயே. ஏற்கெனவே கடல் ஏறிவந்த மண்ணில் ஒவ்வொரு வீடும் மாதம் 20 கிலோ உப்பைக் கொட்டுவது, பக்கத்து வீட்டுப் போரின் தலையில் கைவைப்பதாகும். ஆட்சேபங்கள் மூன்றும் கருவியை மறுப்பவை அல்ல. வீடு முழுவதற்கும் அதை மாட்டுவதை மறுப்பவை. ஹீட்டருக்குப் போகும் ஒரே குழாயில் மட்டும் மாட்டினால் மாதம் மூன்று நான்கு கிலோ உப்போடு காரியம் முடிந்துவிடும், குடிக்கிற நீரிலும் சோடியம் ஏறாது. சவ்வில் வடிக்கும் ஆர்.ஓ.வை ஹீட்டருக்கு வைப்பதைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம்; வடிக்கிற அளவுக்கு மேல் வீணாக்கும்.

இப்போது மெக்கானிக் சொல்லாத பாதிக்கு வருவோம். போர் நீர் என்பதால் ஹீட்டர் கெட்டது மெய். ஆனால் அந்த வீட்டில் மெட்ரோ வாட்டரும் வந்தது. நாளுக்கு 100 லிட்டர், அதுவும் மார்கழி தையில் தவிர மற்ற மாதங்களில் அதற்கும் குறைவாகவே வேண்டியிருக்கும் ஹீட்டருக்குப் போர் நீரை அனுப்ப வேண்டிய அவசியம் எங்கே வந்தது? ஒரே தொட்டி, ஒரே குழாய் என்று கட்டிவிட்டதால் வந்தது. மாடியில் 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, வாரிய நீர் மட்டும் அதில் ஏறும்படி சம்ப்பிலிருந்து தனி வழி கொடுத்து, அதிலிருந்து சமையலறைக்கும் ஹீட்டருக்கும் மட்டும் இறக்கினால், கருவிக்குச் செய்யும் செலவில் பாதிகூட ஆகாது. புதிதாகக் கட்டும் வீட்டில் இது பிளம்பரின் அரை நாள் வேலை. பழைய வீட்டில் சுவரை உடைக்க விருப்பமில்லாதவர்கள் குழாயை வெளிச்சுவரில் ஓட்டிக்கொள்ளலாம். ஷவரின் குளிர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் செடிக்கும் போர் நீர் போகட்டும். குளிர்நீர் ஓடும் குழாய்க்குள் சுண்ணாம்பு அதிகம் படிவதில்லை.

இன்னொரு நீர் உண்டு. அதை நாம் மறந்தே போனோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பெரும்பாலான வீடுகளில் மொட்டைமாடிக் குழாய் இருக்கிறது. அது நீரை மண்ணுக்குள் அனுப்பிவிடுகிறது. அது வேண்டியதே. ஆனால் சென்னையில் வருஷத்துக்கு விழும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் விழுகிறது. வெந்நீருக்கு ஆசைப்படும் மார்கழி அடுத்தாற்போல் வருகிறது. நூறு சதுர மீட்டர் மாடியில் 800 மில்லிமீட்டர் மழை என்றால் 80,000 லிட்டர். மூன்று மாத வெந்நீருக்கு வேண்டியது 9000 லிட்டர்தான். கடினம் ஏறக்குறைய இல்லாத நீர் இது. மணலிப் புகைக்கரியும் தூசியும் மாடியில் படிந்திருப்பதால் பருவத்தின் முதல் மழைகளை வெளியே விட்டுவிட வேண்டும். சிமெண்டுத் தொட்டி புதிதாயிருந்தால் கொஞ்சம் சுண்ணாம்பை நீருக்குக் கொடுக்கும். மழைநீரும் வடித்த நீரும் மிக மென்மையானவை என்பதால் உலோகத்தை அரிக்கும் சுபாவம் அவற்றுக்குச் சற்று உண்டு. ஆகவே கல் பிடிக்காத வீட்டிலும் ஆனோடு தண்டை மறந்துவிடலாகாது. மக்னீசியத்தாலான அந்தத் தண்டு, டாங்கியின் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து பலியாகும்படி வைக்கப்பட்டது. உப்பு அதிகமான நீரில், மென்மையாக்கிய நீரிலும்கூட, வேகமாகக் கரையும். தண்டு தீர்ந்த மறுநாள் முதல் கரைவது டாங்கி.

சூரிய வெந்நீர் அமைப்பு வைத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. தட்டை வடிவச் சேகரிப்பானின் மெல்லிய செம்புக் குழாய்களில் போர் நீரை நேரே விட்டால் அடைப்பு நிச்சயம். உள்ளே நல்ல நீரே சுழன்றுகொண்டிருந்து, உஷ்ணத்தை மட்டும் மற்ற நீருக்குக் கொடுக்கும் வெப்பமாற்றி வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வகையில் படிவு குழாயின் அடியில் தங்கும்; கழற்றிக் கழுவலாம்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, செய்யத்தான் வேண்டும். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்துவிட்டுப் பிறகு பக்கெட்டில் பாதிக்குப் பாதி குளிர்நீர் கலப்பது நம்மவரின் பழக்கம். 55 முதல் 60-க்குள் வைத்தால் படிவும் குறையும், கிருமி பெருகும் அளவுக்கு நீர் வெதுவெதுப்பாகவும் தங்காது. ஒரு லிட்டர் மூன்று லிட்டர் கொள்ளும் உடனடி ஹீட்டர், சிறு இடத்தில் மிகுந்த உஷ்ணத்தைத் திணிப்பதால், கடின நீருக்குச் சற்றும் பொருந்தாது. வருஷத்துக்கொரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, ஹீட்டரைக் காலி செய்து, அடித்தட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். உதிர்கிற கல்லை வெளியே தள்ளிவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் காயிலை ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை ஓய்ந்தும் கரையாமல் கல் நின்றால் அது சல்பேட்டாக இருக்கலாம். மரக்குச்சியால் சுரண்டுவதே வழி. சில மெக்கானிக்குகள் அவசரத்துக்குக் குளியலறை ஆசிட்டை ஊற்றுவார்கள். அது கல்லோடு உலோக உறையையும் டாங்கியின் கண்ணாடிப் பூச்சின் கீறல்களில் தெரியும் இரும்பையும் தின்னும். மூடிய குளியலறையில் அதன் புகை மூச்சையும் தின்னும். திறந்தபோதே ரப்பர் வளையத்தையும், பாதிக்கு மேல் கரைந்த ஆனோடையும் மாற்றிவிட வேண்டும். நீர் நிரம்பிக் குழாயில் வழியும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது; காய்ந்த டாங்கியில் போட்ட காயில் கல் இல்லாமலே சில நிமிஷத்தில் கருகும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வீட்டார் தனியே தொட்டி வைக்க முடியாது. பொதுத் தொட்டியில் எந்த நீர் எந்த நாளில் ஏறுகிறது என்பதைச் சங்கம்தான் தீர்மானிக்கிறது. அங்கே பேச வேண்டிய இடம் ஹீட்டர் கடை அல்ல, சங்கக் கூட்டம். வாரிய நீருக்கும் லாரி நீருக்கும் ஒரு தொட்டி, போர் நீருக்கு ஒரு தொட்டி என்று மாடியில் இருக்கும் இரண்டு தொட்டிகளையும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டின் ஹீட்டர் குழாயையும் முதல் தொட்டியோடு இணைப்பதற்கு ஆகும் செலவை வீட்டுக்கு வீடு பங்கிட்டால், ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மென்மையாக்கி வாங்கும் விலையில் சிறு பகுதியே வரும். அது நிறைவேறும்வரை தம் வீட்டு ஹீட்டரின் முன் பாஸ்பேட் குடுவை ஒன்றை மாட்டி, அதன் உள்ளுருண்டைகளை ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்து நிரப்பிக்கொண்டு, வால்வின் நெம்புகோலை மறக்காமல் தூக்கிப் பார்த்துவருவது போதும்.